சக்ஷனில் (உறிஞ்சும் பக்கத்தில்) தண்ணீர் போதாதபோது சென்ட்ரிஃபியூகல் பம்ப்: பல வருடப் பயன்பாட்டில் கண்டவை

இந்தப் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. இம்பெல்லரின் (உள்ளே சுழலும் இதழ்ச் சக்கரத்தின்) நடுவில் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தத் தள்ளல் சுமார் 10.3 மீட்டர் நீருக்குச் சமம். குழாய் உராய்வும் ஃபுட் வால்வு (சக்ஷன் குழாயின் அடிமுனையிலுள்ள ஒருவழி வால்வு) இழப்பும் பம்புக்கு வேண்டிய மிச்ச அழுத்தமும் போக, 6 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறும் என்று நம்பாதீர்கள். சூடான நீரென்றால் கணக்கே மாறும்: 80 டிகிரி செல்சியஸில் ஆவியழுத்தம் மட்டுமே ஏறத்தாழ 5 மீட்டரைத் தின்றுவிடும்.

வரத்து குறைந்தால் டெலிவரி (வெளியேற்றும் பக்க) அழுத்தக் கேஜ் முள் ஆடும், மோட்டார் இழுக்கும் ஆம்பியர் இறங்கும். காரணத்தைச் சொல்வது சக்ஷன் பக்க வெற்றிட கேஜ்தான். பலரும் அதைப் பொருத்துவதே இல்லை என்பது பெரிய குறை. வெற்றிடம் வழக்கத்தைவிட ஏறினால் ஸ்ட்ரெய்னர் (குப்பையைத் தடுக்கும் வடிகட்டி) அடைப்பு, அல்லது ஃபுட் வால்வு சரியாகத் திறக்கவில்லை. இறங்கினால் காற்று நுழைகிறது. கிணற்று மட்டம் தாழும்போது மெல்ல ஏறிக்கொண்டே போய், ஃபுட் வால்வு வெளியே தெரிந்ததும் சட்டென விழும்.

ஜல்லி உருளும் சத்தம் கேட்டால் கேவிட்டேஷன்: அழுத்தம் குறைந்து நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன. டெலிவரி வால்வைச் சற்று மூடுங்கள். ஓட்டம் குறைய, உராய்வு இழப்பும் பம்பின் தேவையும் குறைந்து சத்தம் தணியும். சக்ஷன் வால்வை ஒருபோதும் மூடிச் சரிசெய்யாதீர்கள், நிலைமை மோசமாகும். கேவிட்டேஷனை அப்படியே விட்டால் இம்பெல்லர் இதழ்களின் நுழைவு ஓரத்துக்கு அருகே குழிகுழியாக அரிக்கும்.

காற்றுக் கசிவென்றால் டெலிவரி வால்வை மூடுவது உதவாது; காற்று இம்பெல்லர் நடுவில் தேங்கிப் பிரைமிங்கே (பம்ப் நீரால் நிரம்பியிருக்கும் நிலையே) போய்விடலாம். ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், உள்ளே உறிஞ்சப்படும் இடமே ஓட்டை. சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் கயிற்றை அழுத்தும் கிளாண்டையும் பாருங்கள்: சொட்டு நிற்கும்வரை இறுக்கினால் பேக்கிங் காய்ந்து கருகும், அதன் வழியாகவும் காற்று போகும். பேக்கிங்குக்குப் பதில் இரு முகங்கள் ஒட்டி அடைக்கும் மெக்கானிக்கல் சீலுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. முகங்களுக்கிடையே நீர்ப்படலம் அற்றால் சூடேறி விரைவில் விரிசல் விடும். அதன்பின் தண்ணீர் திரும்ப வந்தாலும் ஒழுகல் நிற்காது.

சக்ஷன் குழாய் பம்பின் வாயைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். கிடைக்குழாயில் ஒருபக்கச் சரிவுள்ள ரெட்யூசர் (குழாய் அளவைக் குறைக்கும் இணைப்பு) போட்டு, தட்டைப் பக்கத்தை மேலே வையுங்கள். காற்று தேங்க இடமிருக்காது. தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் மிதவை சுவிட்சுக்கு ஸ்ட்ரெய்னர் அடைத்தது தெரியாது. ஆகவே, ஆம்பியர் தாழ்ந்தால் நிறுத்தும் ரிலேயும் கட்டாயம் வேண்டும்.