சோடியம் அயோடைடா, தானே கட்டிக்கொள்ளும் ஸ்டில்பீனா?

கதிர்வீச்சு பட்டால் ஒளிர்ந்து, அதைக் கண்டறிய உதவும் இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமா கதிரை ஒளியாக மாற்றும் என்று 1948-இல் இயற்பியலாளர் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் காட்டினார். கனமான அயோடின் காமாவை நன்றாகத் தடுக்கிறது. கதிரின் ஆற்றலில் ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சுமார் 38,000 ஒளித்துகள்கள் கிடைக்கின்றன. ஆனால் படிகம் ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதனால் காற்றுப் புகாமல் அடைத்தே வைக்க வேண்டும்.

இன்னொன்று, அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தினர் ஆராய்ந்த உலோக-கரிமச் சட்டகம். துத்தநாக அயனிகளும், ஒளிரும் கரிமப் பொருளான ஸ்டில்பீனின் அமில மூலக்கூறுகளும் கரைசலில் தாமாகவே கோத்துக்கொண்டு, சாரம் கட்டியதுபோல் நிற்கின்றன. ஒளிரும் மூலக்கூறுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதை வேதியியலாளரே திட்டமிடலாம். எனக்கு இதில் பெரிய ஈர்ப்பு அதுதான். ஒளியும் சில நானோ நொடிகளில் அடங்கிவிடும். சோடியம் அயோடைடுக்குச் சுமார் 230 நானோ நொடி ஆகும். சட்டகத்தில் ஹைட்ரஜன் இருப்பதால் அது வேக நியூட்ரானையும் உணரும்.

ஆனால் சட்டகம் லேசானது, காமா பெரும்பாலும் நழுவிப் போகும். துத்தநாகத்துக்குப் பதில் கனமான உலோகமான ஹாஃப்னியம் வைத்தால் எக்ஸ் கதிரை அதிகம் உறிஞ்சும். பெரிய படிகம் வளர்ப்பதும் கடினம்.

சரி, எதை எடுப்பது? காமா ஆற்றலை அளக்க இன்றைக்குச் சோடியம் அயோடைடுதான். ஆராய்ச்சிப் பணத்தைச் சட்டகத்தில் போடுவேன்.