ஒரு கை ராடிலிருந்து இரு கை ராடுக்கு: 13 அடி, 7 வெயிட் எப்படி?

அகலமான ஆறு, முதுகுக்குப் பின்னால் மரமடர்ந்த கரை. ஒரு கை ஃப்ளை ராடு (செயற்கைப் பூச்சியான ஃப்ளையை லைனின் எடையால் வீசி மீன்பிடிக்கும் தூண்டில்கோல்) திணறுவது இங்கேதான். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஸ்பே காஸ்டிங்கில் லைன் பின்னால் முழுதாக விரிய வேண்டியதில்லை. லைன் நுனி தண்ணீரில் ஊன்றியிருக்க, ராடுக்குப் பின்னே லைனை 'D' எழுத்து வடிவில் வளையம் கட்டி முன்னால் வீசினால் போதும்.

முதல் இரு கை ராடுக்கு 13 அடி, 7 வெயிட்தான் சரி (வெயிட் என்பது ராடுக்குப் பொருந்தும் லைனின் எடையைக் குறிக்கும் எண்). "ஒரு கைக்கும் ஆகும், இரு கைக்கும் ஆகும்" என்று 11 அடி ஸ்விட்ச் ராடு வாங்குபவர்கள் அதிகம். பழகும்போது அது சின்னப் பிசகைக்கூடப் பொறுக்காது. 13 அடி நிதானமாக வளையும். கைக்கு அவகாசம் கொடுக்கும்.

பலர் ஏமாறுவது வெயிட் எண்ணில். ஒரு கை 7 வெயிட் லைனின் முதல் 30 அடி 185 கிரெய்ன், அதாவது 12 கிராம். இரு கை 7-க்குப் போடும் ஸ்காஜிட் ஹெட்டோ (ஹெட் என்பது லைனின் கனமான முன்பகுதி; ஸ்காஜிட் அதில் குட்டையான வகை) பொதுவாக 500 முதல் 550 கிரெய்ன், 32 கிராமுக்கும் மேல். பழைய லைனை மாட்டினால் ராடு வளையவே வளையாது. ராடு தயாரிப்பாளர் தரும் கிரெய்ன் வரம்பைப் பார்த்து ஹெட் வாங்குங்கள்.

பெரிய ஃப்ளை, ஆழமான ஓட்டம் என்றால் ஸ்காஜிட்: 20–25 அடி ஹெட், முன்னால் 10 அடி டி-11 (T-11, அடிக்கு 11 கிரெய்ன்) மூழ்கும் டிப், அதன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 3–4 அடி. டிப் இல்லாமல் ஹெட்டிலேயே லீடரைக் கட்டினால் தண்ணீரில் பிடிமானம் இருக்காது. சின்ன ஃப்ளையை மேல்மட்டத்தில் ஓட்ட ஸ்காண்டி: நீளமான, சற்று இலேசான ஹெட், 12–15 அடி லீடர். பழகுவதற்கு ஸ்காஜிட்டே சுலபம். நுனி தண்ணீரில் நிலைத்துக் கிடப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை.

ஒரு கைப் பழக்கம் கெடுப்பது மேல்கையால்தான். மேல்கை தள்ளினால் லூப் (காற்றில் போகும் லைனின் வளைவு) அகன்று, லைன் பாதியில் சுருண்டு விழும். மேல்கை அச்சு மாதிரி நிற்க, கீழ்க்கை அடிப்பிடியை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். வளையம் கட்டும்போது வேகம் கூடினால் நுனி தண்ணீரை விட்டுப் பிய்ந்து பின்னால் பறக்கும். அதிகம் காத்திருந்தால் லைன் தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். ஊன்றிய நுனி வீசும் திசைக்கு இணையாகக் கிடக்கவில்லை என்றால் பலமெல்லாம் வீண். முதலில் அதைச் சரிபாருங்கள்.

காற்று விஷயத்தில் விளையாடக் கூடாது. காற்று ஆற்றோட்டத்தின் திசையில் அடித்தால் டபுள் ஸ்பே, ஓட்டத்துக்கு எதிராக அடித்தால் சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப்-டி (Snap-T) என்ற வீச்சு. மாற்றிச் செய்தால் கொக்கி முகத்துக்கே வரும்.

ஸ்பே வீச்சின் முறுக்கு ராடின் இணைப்புகளைத் தளர்த்தும். தளர்ந்த மூட்டோடு வீசினால் பெண் முனை (அடுத்த துண்டைச் செருகும் குழல் முனை) பிளந்துவிடும். ஒவ்வொரு மூட்டையும் மின் டேப்பால் சுற்றுங்கள். டேப் இல்லையென்றால் அரை மணிக்கொரு முறை முறுக்கிப் பாருங்கள். ரீல் கனமானதாக இருக்கட்டும். இலேசான ரீல் போட்டால் நுனிப்பக்கம் தொங்கி மேல்கை சோர்ந்துவிடும்.

சிற்றோடைக்கும், நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் ட்ரை ஃப்ளை (தண்ணீர் மேல் மிதக்கும் ஃப்ளை) வீசுவதற்கும் இரு கை ராடு வேண்டாம். ஒரு கை ராடு கையில் இருக்கட்டும். தனியாக மீனைக் கரையேற்றுவதும் இதில் சிரமம். 13 அடி ராடை நிமிர்த்தி மீனைக் காலடிக்கு இழுத்தால் நுனி ஒடியும். ராடைப் பக்கவாட்டில் தாழ்த்தி, பின்னால் நடந்து மீனை ஆழமில்லாத தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள்.