ஹெலிபேடு காவலுக்கு நுரை வண்டியா, தண்ணீர் வண்டியா?

உச்சிப்புளிப் பக்கம் சீமைக்கருவேலங்காடு எரிய, ஹெலிகாப்டர் வந்து இறங்குகிறது. பக்கத்தில் எது நிற்க வேண்டும்?

தண்ணீர் வண்டி புதர்த்தீக்குச் சரி. விமான எரிபொருள் தீயில் அடித்தால் எரிபொருள் தண்ணீர்மேல் மிதந்து, தீயோடு பரவும். நுரை மேலே போர்வையாக மூடி ஆவியை அடக்கும். நுரைத் திரவம் 3 சதவீத ரகமானால் 97 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் திரவம். 3,000 லிட்டர் கரைசலுக்கு 90 லிட்டர்.

'சும்மாதானே நிற்கிறது' என்று நுரை வண்டியைக் காட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கமான தப்பு. காலித் தொட்டியும் கருவேலமுள் ஏறிய டயருமாகத் திரும்பும். விமான நிலைய ஓடுபாதையில் விபத்தானால் வண்டி போய்ச் சேரச் சர்வதேச விதி தரும் அவகாசமே 3 நிமிடம்.

ஊருணி வற்றினால் கடல்நீர் ஏற்றலாம், நுரைக் கேனில் அனுமதி அச்சிட்டிருந்தால் மட்டும். அன்றே பம்பை நல்லதண்ணீரில் அலசுங்கள். உப்பு வால்வைப் பிடித்துவிடும்.