"எல்லாம் சேர்த்துத்தான் அண்ணே": டர்பனில் கப்பல் ஏறி நாங்கள் ஏமாந்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம் ஆட்கள், அதிலும் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து டிசம்பரில் ஒருமுறை கப்பலில் ஏற்றிக் காட்டலாம் என்று நினைப்பவர்கள், யாருக்காவது பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பிவிட்டுத்தான் படித்தேன்.

மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், வாழ்நாள் முழுவதும் கப்பலைக் கரையிலிருந்தே பார்த்தவர். அவருக்காகத்தான் இந்த யோசனையே வந்தது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். டர்பனில் ஏறி, மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவைப் பார்த்துவிட்டு மூன்று இரவில் திரும்பும் பயணம்.

தமிழ் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் அடிக்கடி கப்பல் விளம்பரம் போடுவார். பெயர் சொல்லப்போவதில்லை, காரணம் கடைசியில் இருக்கிறது. நம்ம ஊர்க்காரர், பேச்சில் தேன். "அண்ணே, மொத்தம் 31,500 ரேண்ட். சாப்பாடு, துறைமுக வரி, டிப்ஸ், தீவு, எல்லாம் சேர்த்துத்தான் அண்ணே. ஏறுனா இறங்குற வரைக்கும் பர்ஸைத் திறக்க வேண்டாம்" என்றார். இங்கே தமிழில் விலை பேசி ஒரு பொருளை வாங்குவதே அபூர்வம். அந்த மயக்கத்தில் பணத்தை கார்டில் கட்டாமல் ஈஎஃப்டி என்ற வங்கிப் பணமாற்று வழியாக நேராக அவர் கணக்குக்கே அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சண்டை போட்டுத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். ஈஎஃப்டியில் போனது போனதுதான்.

முதல் அறிகுறி புறப்படும் முன்பே வந்தது. மாமனார், மாமியாரின் விசாவைப் பற்றி மனைவி கேட்டதற்கு, "கப்பல்தானே அக்கா, சும்மா கடல்ல ஒரு ரவுண்டு" என்றாராம். சும்மா ரவுண்டு இல்லை. தீவு மொசாம்பிக்கில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வர வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வந்த பெரியவர்களை அழைத்துப் போனால் திரும்பி வரும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் அதிர்ஷ்டம், அவர்களுடையது பலமுறை நுழையும் விசா. அப்போதே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

சரி, கப்பலுக்கு வருவோம். நெல்சன் மண்டேலா கப்பல் முனையத்தில் வரிசையில் நின்று, ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை வாங்கினோம். அறைச் சாவியும் அதுதான், பணப்பையும் அதுதான். அதோடு உங்கள் வங்கி அட்டையை இணைக்கச் சொல்வார்கள். கப்பலுக்குள் எல்லாக் கணக்கும் டாலரில் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். டெபிட் கார்டு கொடுத்தால் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். இறங்கிய பிறகும் அது கணக்குக்குத் திரும்ப நாளாகும். மாதக் கடைசி என்றால் வீட்டுக்கடன் தவணை தவறிப்போகும். கிரெடிட் கார்டு கொடுங்கள்.

அடுத்தது அறை. இரண்டு அறையும் பக்கத்துப் பக்கத்தில் என்று சொல்லி, அதற்கென்றே 800 ரேண்ட் தனியாக வாங்கியிருந்தார் அந்த மனிதர். எங்கள் அறை ஐந்தாவது தளம், பெரியவர்கள் அறை ஒன்பதாவது தளத்தின் மறுகோடி. வரவேற்பு மேசையில் கேட்டபோது அந்தப் பெண் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் டிக்கெட் 'கேரண்டி' வகை. இருப்பதிலேயே மலிவு அதுதான். எந்த அறை என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, மிச்சம் இருப்பதைக் கப்பல்காரர்கள் கொடுப்பார்கள். ஒரு அறை கிடைக்கும் என்பதற்கு மட்டும்தான் அதில் உத்தரவாதம்.

இரண்டாம் நாள் காலை தொலைக்காட்சியில் எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தேன். சேவைக் கட்டணம், அதாவது டிப்ஸ், என்று பெரியவர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், பிள்ளைகளுக்கு 6 டாலர் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று இரவுக்கு ஆறு பேருக்கும் 180 டாலர். அன்றைய மதிப்பில் டாலருக்கு 18 ரேண்ட் என்று வைத்தாலும் 3,240 ரேண்ட். ஆனால் இதே கட்டணம் என்று அந்த மனிதர் எங்களிடம் 3,600 ரேண்ட் ஏற்கெனவே வாங்கிவிட்டார், ரசீதில் தனி வரியாகவே இருக்கிறது. கப்பலிடம் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. கப்பலில் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, தப்பு அவர்கள் பக்கம் இல்லை.

தீவு? போகவே இல்லை. போர்ச்சுகீஸ் தீவு மபுட்டோ வளைகுடாவில் இன்ஹாகாவை ஒட்டி இருக்கிறது. அங்கே கப்பல் அணைய துறை கிடையாது. தள்ளி நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில்தான் இறக்குவார்கள். காற்று பலமாக அடித்தால் இறக்க மாட்டார்கள். பத்திரம் முக்கியம், அதில் எனக்குக் கோபமில்லை. இடம் மாறினாலும் விட்டுப்போனாலும் நஷ்டஈடு கிடையாது என்று கப்பல் டிக்கெட்டின் நிபந்தனையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். என் கோபமெல்லாம் வேறு. 'தீவுப் பேக்கேஜ்' என்று ஆளுக்கு 450 வீதம் 2,700 ரேண்ட் வாங்கியிருந்தாரே, அப்படி ஒரு பேக்கேஜை அந்தக் கப்பலில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. மாமனார் தளத்தில் நின்று தூரத்தில் தெரிந்த மணல் கோட்டைப் பார்த்துவிட்டு, "இதுவும் கரையிலேர்ந்து பார்த்த மாதிரிதான் இருக்கு மாப்பிள்ளை, என்ன, இந்தத் தடவை தலைகீழா" என்றார்.

மற்ற செலவுகள் எங்கள் அறியாமை. மகன் விளையாட்டு இயந்திரங்களில் தன் அட்டையைத் தட்டித் தட்டி 38 டாலர் விட்டான். பொம்மை ஒன்றுகூட வரவில்லை. அறையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில், பிள்ளைகளின் குளிர்பானம், இரண்டு காபி எல்லாம் சேர்த்து 64. பஃபேயில் தண்ணீர், டீ இலவசம் என்று இரண்டாம் நாள்தான் தெரிந்தது. இணையம் 45. மாமியாருக்கு வாந்தி நிற்காமல் கப்பல் மருத்துவரிடம் போனதில் 120 டாலர். டர்பனிலேயே மருந்துக்கடையில் கடல் மயக்க மாத்திரை வாங்கிப் பையில் போட்டிருக்கலாம். மொத்தம் 447 டாலர், எட்டாயிரம் ரேண்டுக்கு மேல். பர்ஸைத் திறக்க வேண்டாம் என்றது ஒருவகையில் உண்மைதான். திறக்காமலே காலியாகிவிட்டது.

போதாக்குறைக்கு, என் கைப்பேசி இரவில் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாத பில்லில் 1,100 ரேண்ட் சேர்த்துவிட்டது. கப்பல் நகர்ந்ததும் விமான முறையில் போட்டுவிடுங்கள். கடலில் ஓடும் அந்த இணைப்பு மற்ற நாட்டு ரோமிங் திட்டங்களில் பெரும்பாலும் அடங்காது.

சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்களுக்குப் பழக்கமான ஓர் ஆன்ட்டி இருக்கிறார், இங்கே குடியேறிய குடும்பத்தின் நாலாவது தலைமுறை. தமிழை ஆயாவின் அடுப்படியில் கற்றவர். தொண்ணூறுகளில் கணவரோடு கப்பலில் போன கதையை எங்களுக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அறையைச் சுத்தம் செய்து படுக்கையைத் தூங்கத் தயாராக விரித்து வைப்பார்களாம், தலையணையில் சாக்லேட் இருக்குமாம். அறைக்கே சாப்பாடு கேட்டால் காசில்லை. கடைசி இரவு உறையில் பணம் போட்டு, பரிமாறியவரின் கையில் கொடுப்பார்களாம். அந்த எதிர்பார்ப்போடு போன எங்களுக்கு அறை சுத்தம் நாளைக்கு ஒருமுறைதான். கோவாவிலிருந்து வந்த அந்தப் பையன் தங்கமானவன். முன்பைவிட இப்போது அதிக அறைகள் பார்க்கிறேன் சார் என்றான், ஓடிக்கொண்டே. தைப்பூசக் காவடி விரதம் என்று சைவம் மட்டும் கேட்டோம். முதல் இரவு பாஸ்தா, இரண்டாம் இரவு வேறு வடிவத்தில் பாஸ்தா. அப்புறம் சமையலறையிலிருந்த ஓர் இந்தியர் இரங்கி ஒரு கிண்ணம் பருப்பு அனுப்பினார். அதுதான் மூன்று நாளின் உச்சம்.

வீடு திரும்பிய கோபத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். இது எங்கள் கப்பலின் கதை மட்டும் இல்லை. உறையில் கொடுக்கும் பழக்கத்தை விட்டு, நாள்கணக்கில் தானாகப் பிடிக்கும் முறைக்குப் பெரிய நிறுவனங்கள் சில மாறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் 2015இலும் ராயல் கரீபியன் நிறுவனம் 2017இலும் அறைக்குக் கொண்டுவரும் சாப்பாட்டுக்கு 7.95 டாலர் வாங்க ஆரம்பித்தன. 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகம் முழுக்கக் கப்பல்கள் நின்றன. சம்பாத்தியம் இல்லை, நிற்கும் கப்பலுக்கும் செலவு. கார்னிவல் என்ற கப்பல் குழுமத்தின் கடன் மட்டும் 3,500 கோடி டாலரைத் தாண்டியது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது, ஆளை இழுக்க டிக்கெட்டைக் குறைவாக வைத்து, உள்ளே சுரண்டும் இடங்களைக் கூட்டினார்கள். இரண்டு வேளை அறைச் சுத்தத்தை ஒரு வேளையாக்கினார்கள். 2023இல் கார்னிவலின் சாப்பாட்டு அறையில் மூன்றாவது முதன்மை உணவு கேட்டால் 5 டாலர் என்றார்கள். (மூன்றாவது தட்டு கேட்பவர்களிடம் எனக்குப் பெரிய அனுதாபம் இல்லை, அது வேறு விஷயம்.) கப்பல்கள் பனாமா, பஹாமாஸ், மால்ட்டா கொடியில் ஓடுவதால் ஊழியர் சம்பளத்துக்கு நம்மூர்ச் சட்டம் பொருந்தாது. அந்தச் சேவைக் கட்டணத்தைக் கப்பலிலேயே நீக்கச் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஓடி ஓடி அறை துடைக்கும் பையனின் வயிற்றில் அடிக்க எனக்கு மனமில்லை, கட்டினேன்.

கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல், கட்டாயக் கட்டணங்களைக் கடைசியில் காட்டாமல் முதல் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இங்கேயும் 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக விற்பவரிடம் சட்டத்தைக் காட்ட, முதலில் கையில் எழுத்து வேண்டும். நான் அந்தக் குரல்பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது கடவுள் செயல்.

எனவே முகவர் மூலம் போனால், கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணை வாங்கி, நீங்களே அந்த நிறுவனத்தை அழைத்து ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்: சேவைக் கட்டணம் வந்து சேர்ந்ததா, எந்த வகை அறை, துறைமுகக் கட்டணம் எவ்வளவு. பத்து நிமிட வேலை. முகவர் அசாட்டா என்ற பயண முகவர் சங்கத்தில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். அதில் சேருவது கட்டாயம் இல்லை, ஆனால் இருப்பவர் மீது புகார் சொல்ல ஓர் இடம் இருக்கும். நம்மவர் அதில் இல்லை. பானப் பேக்கேஜ் வாங்கும் எண்ணம் இருந்தால், ஒரே அறையிலிருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. கணவன் மட்டும் வாங்கி மனைவியும் குடிக்கும் கணக்கு அங்கே நடக்காது.

இறங்கிய அன்று எல்லோரும் நேரே போய், ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பித் தரும் 'பன்னி சௌ' சாப்பிட்டோம். மூன்று நாளில் மாமனார் வயிறாரச் சாப்பிட்டது அதுதான். சாயங்காலம் ஆன்ட்டி வீட்டில் கதையைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "தம்பி, 1860ல நம்ம முன்னோரைக் கூலி வேலைக்கு ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து வந்த காலத்திலேயும் இதேதான். ஏத்தறப்ப ஒரு பேச்சு, இறங்குனப்புறம் வேற கணக்கு. ஏத்திவிட்டதும் நம்ம பாஷை பேசுற ஆளுதான்."

அந்த மனிதரை அழைத்தேன். முதலில் "பாக்குறேன் அண்ணே", பிறகு "கப்பல்காரன்கிட்ட கேளுங்க", அதன் பிறகு நீல டிக் மட்டும். சேவைக் கட்டணம் 3,600, தீவு 2,700, அறை 800, ஆக 7,100 ரேண்ட் கேட்டுக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 20,000 ரேண்ட் வரையிலான வழக்குகளை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அங்கே வக்கீல் வைக்க முடியாது, இரண்டு பக்கமும் தாங்களே பேச வேண்டும். கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும், எனக்கு அது வரும் செவ்வாயோடு முடிகிறது. அதனால்தான் இப்போது பெயர் சொல்லவில்லை, யாரும் கேட்க வேண்டாம். இதே மாதிரி "எல்லாம் சேர்த்துத்தான்" என்று கேட்டுப் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதையும் குரல்பதிவையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். நேற்றுக் காலை அதே குழுவில் ஈஸ்டர் பயணத்துக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்.