நுண்ரக ஏடிசி பவுடர்: காசு கூடத்தான், ஆனால் வாங்கலாம்

ஆம்பூர்ப் பக்கம் செருப்புக்கான ஈவிஏ (ரப்பர் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக்) ஷீட் போடும் சின்ன யூனிட் எங்களுடையது. ஷீட்டை உப்ப வைப்பது அசோடைகார்பனமைடு. தொழிலில் யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை, ஏடிசிதான். வழக்கமான ரகத்தை விட்டுவிட்டு நுண்துகள் ரகத்துக்கு மாறியிருக்கிறோம். கிலோவுக்கு விலை கூட.

வித்தியாசம் வெட்டினால் தெரியும். ஷீட்டைக் குறுக்கே பிளேடால் கீறி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். துளைகள் பொடிப்பொடியாக, ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி. பழைய ரகத்தில் அங்கங்கே ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். ஷீட்டை மெல்லிசாகப் பிளக்கும்போது அந்த இடத்தில்தான் பிய்யும். துகள் சிறிதானால் வாயு கிளம்பும் இடங்கள் அதிகம், அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் பழைய கலவைக் கணக்கை அப்படியே போடாதீர்கள். ஏடிசி தனியாக 200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உடைந்து வாயு விடும். ஜிங்க் ஆக்சைடு சேர்த்துத்தான் அதை 170 பக்கம் இறக்குகிறோம், ஷீட்டை இறுக வைக்கும் டிசிபி வேலை செய்வதும் அந்தச் சூட்டில்தான். வாயு முந்திக்கொண்டால் ஷீட் வெடித்துக் கிழியும். டிசிபி முந்தினால் இறுகிப்போய் உப்பாது. நுண்ரகம் சீக்கிரம் உடைகிறது, அதனால் ஜிங்க் ஆக்சைடைக் கொஞ்சம் குறைத்தோம். அப்புறம் பிரஸ் திறந்ததும் ஷீட் எம்பி வெளியே வந்து விழுவதைப் பார்க்க வேண்டும்! தடிமன் ஷீட்டின் நடுவில் மஞ்சள் தட்டினால் உள்ளே சூடு போய்ச் சேரவில்லை, பவுடரைத் திட்ட வேண்டாம்.

குறைகள்? தூசி. பெட்டியைப் பிரித்தாலே மூக்கில் ஏறுகிறது. ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடிய பொருள் இது, எடை போடுகிறவருக்கு நல்ல மாஸ்க் கட்டாயம். ஐரோப்பாவில் உணவு படும் பிளாஸ்டிக்கில் 2005 முதல் இதற்குத் தடை. செருப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. கட்டி பிடிக்கும் குணமும் உண்டு. சலிக்காமல் கலவை மில்லில் கொட்டினால் ஷீட்டில் மஞ்சள் புள்ளி விழும். புது ஷீட்டில் அடிக்கும் அமோனியா நெடி காற்றாட வைத்தால் போய்விடும்.

நெடியே கூடாது என்றால் ஓபிஎஸ்எச் என்று உப்ப வைக்கும் வேறொரு பவுடர் இருக்கிறது. 160 டிகிரியிலேயே உடையும், நிறம் ஏறாது. ஆனால் கிராமுக்கு 125 மில்லி வாயுதான் தரும். ஏடிசி 200க்கு மேல் தருகிறது. விலையும் எங்கேயோ. மலிவாகக் கிடைக்கும் டிபிடி என்ற இன்னொரு பவுடரை நான் உள்ளேயே விடுவதில்லை. மீன் நாற்றம் ஒரு பக்கம், அமிலம் பட்டால் தீப்பிடிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

நாங்கள் வாங்கிய இடத்தில் ஒரு பெட்டி உள்பை கிழிந்து, ஈரம் கோத்து வந்தது. கேட்டதற்கு "மழைக்காலம் சார்" என்றார்கள். மாற்றித் தந்தார்கள், அதுவரை சரி. இறக்கும்போதே பிரித்துப் பார்த்து, அந்த பேட்சின் வாயு அளவுச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.