ஊசி போட்ட இடம் சிவக்கிற ஆக்களுக்கு: ஜெல் பக் ரெண்டு சைஸும் வாங்கிப் பாத்தாச்சு

இது ஐஸ் பக்குக்கு எழுதிற ரிவியூ தான், ஆனா ஐஸ் பக்கை மட்டும் எழுதினா ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்ல, அதால கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வருவன், பொறுத்துக் கொள்ளுங்கோ.

எனக்கு மூட்டுவாதம், நாலு வருசமா. மெத்தோட்ரெக்சேட் குளிசை மட்டும் காணாதெண்டு டொக்டர் அடலிமுமாப் ஊசியும் துவக்கி விட்டார், 40 மில்லிகிராம், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, வீட்டில நானே துடையில போடோணும். முதல் ரெண்டு ஊசியும் ஒரு பிரச்சினையும் இல்லாமப் போச்சு. மூண்டாவது போட்ட அடுத்த நாள் காலம பாடசாலைக்கு வெளிக்கிட சீலை உடுத்திக்கொண்டிருக்கேக்க துடையில ஒரே கடி, பாத்தா ரெண்டு ரூபாக் குத்தியளவில சிவப்பு, பின்னேரம் வர அது தேத்தண்ணிக் கோப்பைக்கு வைக்கிற தட்டளவு ஆகிட்டுது, தொட்டா சூடு, நடுவில கொஞ்சம் தடிப்பு. வகுப்பில நிண்டுகொண்டு துடையச் சொறிய ஏலுமோ, நீங்களே சொல்லுங்கோ.

கிளினிக் நேர்சுக்கு போன் எடுத்துக் கேட்டன். இந்த மாதிரி ஊசியளுக்கு போட்ட இடம் சிவக்கிறதும் கடிக்கிறதும் வீங்கிறதும் வழமை எண்டும், கனபேருக்கு துவக்க மாதங்கள்ல தான் கூட இருக்கும் எண்டும், சில நாளில தானா அடங்கும் எண்டும் சொன்னா. ஆனா மூச்சு முட்டினா, முகம் உதடு வீங்கினா, உடம்பு முழுக்கத் தடிச்சா ஒண்டும் பாக்காம உடன ஆஸ்பத்திரிக்கு ஓடோணும், அதே மாதிரி சிவப்பு நாளுக்கு நாள் பரவி காய்ச்சலோ சீழோ வந்தா அது கிருமி, இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறதால வீட்டில வச்சுப் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது எண்டா. மற்றபடி துணியில சுத்தி குளிர் ஒத்தடம் குடுங்கோ மிஸ், போதும் எண்டா.

இதுக்குள்ள பக்கத்து வீட்டு மாமி வேற. "பிள்ளை, சூட்டுக்கு சூடு தான் மருந்து, கன்னியாவுக்குப் போய் ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்திப்போட்டு வா, வத்திப்போம்." கன்னியா எண்டது திருகோணமலையில இருக்கிற சுடுதண்ணிக் கிணறுகள், மாமிக்கு தடிமனுக்கும் கன்னியா, சுளுக்குக்கும் கன்னியா. சுடுதண்ணி ஊத்தினா சிவப்பும் கடியும் இன்னும் கூடும் எண்டு சொல்ல மனம் வரேல்ல, சரி மாமி எண்டு சொல்லிப்போட்டு என்.சி. றோட்டுப் பக்கம் ஒரு பாமசிக்குப் போனன்.

அங்க ரெண்டு சைஸ் ஜெல் பக் இருந்திச்சு. பெருசு இடுப்புக்குக் கட்டுறது, வார் எல்லாம் வச்சு, 1450 ரூபா. சின்னது உள்ளங்கையளவு, 480. கடைக்காரத் தம்பி பெருசைத் தான் எடுத்து நீட்டினார், "இது தான் மிஸ் நல்லா ஓடுறது". நானும் பெருசெண்டா நல்லதெண்டு நினைச்சு வாங்கிக்கொண்டு வந்தன். என்ர புத்தி.

பெருசைப் பற்றிச் சொல்றன் கேளுங்கோ. பிறீசரில வச்சா கல்லு. உண்மையாவே கல்லு, மேசையில தட்டினா டொக்கெண்டு சத்தம் கேக்குது. துடை வளைவுக்கு அது வளையாது, நடுப்பகுதி மட்டும் படும், ரெண்டு கரையும் தூக்கிக்கொண்டு நிக்கும். ஒட்டின விளிம்பு வேற கூரா இருக்கு, பத்து நிமிசம் வச்சு எடுத்தா சிவப்புக்கு மேல நேர்கோடு ஒண்டு அடிச்ச மாதிரி. அதோட குடுக்கிற உறை ஒரு மெல்லிய நைலோன் துணி, அது இருந்தும் ஒண்டு தான் இல்லாட்டியும் ஒண்டு தான், நான் அப்பாட பழைய வேட்டியில கிழிச்சு ரெண்டு மடிப்பா சுத்தித்தான் வச்சனான். வெறும் தோலில ஐஸ் வைக்கவே கூடாது, அது தனிப் புண்ணாக்கும். ரெண்டாவது மாசம் விளிம்பு விட்டு நீல ஜெல் படுக்கை விரிப்பு முழுக்க. கொண்டுபோய்க் காட்டினா பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கிறேல்லயாம். சரி, அதையும் விடுவம்.

சின்னது நல்லது. பிறீசரில வைக்காம கீழ்த்தட்டில வச்சாலே போதும், மெத்தெண்டு இருக்கும், துடையில சொன்ன இடத்தில இருக்கும். என்ர விரலுக்கு பெருசைப் பிடிச்சு அமத்திறதே பாடு, இது அப்பிடியில்ல. குறை எண்டா சூடு கெதியா ஏறும், கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்தில ஃபேனுக்குக் கீழ இருந்தும் பத்து நிமிசத்துக்கு மேல தாக்குப்பிடிக்காது. எனக்கு அந்தப் பத்து நிமிசம் காணும்.

இன்னொண்டு, அந்தத் தம்பி பெருசை விக்கேக்க "ஊசி கொண்டுவாற பெட்டிக்குள்ளயும் இதையே போட்டுக் கொண்டுவரலாம் மிஸ், ஊசிக்கு மேல வச்சாச் சரி" எண்டவர். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. நான் கொழும்பில எடுத்து ரெஜிபோம் பெட்டியில இரவு பஸ்ஸில கொண்டு வாறனான். மருந்து 2 இலயிருந்து 8 பாகைக்குள்ள இருக்கோணும், ஆனா உறையக் கூடாது, ஒருக்கா உறைஞ்சா பிறகு இளகினாலும் எறியத்தான் வேணும். பிறீசரில கல்லான பக்கை மருந்துப் பெட்டியில ஒட்ட வச்சா அந்தப் பக்கம் உறைஞ்சு போற சாத்தியம் இருக்கு. நடுவில துவாய் ஒண்டை மடிச்சு வையுங்கோ. ஒரு ஊசியின்ர விலையை நினைச்சா எனக்கு நித்திரை வராது.

இப்ப நேர்மையாச் சொல்றதெண்டா, பக் கடியைக் குறைக்கும், தட்டளவு சிவப்பை வராமப் பண்ணினது பக் இல்ல. முந்தி நான் ஃபிரிட்ஜால எடுத்த கையோட குத்துவன், பயத்தில கெதியா முடிச்சா காணும் எண்டு. குளிர் மருந்து உள்ள போகேக்க நோகும். இப்ப எடுத்து மேசையில மூடியோட அரை மணித்தியாலம் விடுறன், சுடுதண்ணியில போடுறதோ வெயிலில வைக்கிறதோ இல்ல, சும்மா விடுறது. மற்றது ஸ்பிரிட். துடைச்ச உடன ஈரத்தோட குத்தினா ஸ்பிரிட்டும் ஊசியோட உள்ள போய் எரிச்சல் குடுக்கும், காயவிடோணும், விசிறக் கூடாது, ஊதக் கூடாது, அந்த அரை நிமிசம் தான் எனக்கு ஒரு யுகம். குத்தி முடிஞ்சு தேய்க்கிறதும் நிப்பாட்டிட்டன், பஞ்சை வச்சு சும்மா அமத்திறது. இடம் மாத்திறது எல்லாரும் சொல்றது தான், ஆனா ஆர் ஞாபகம் வச்சிருக்கிறது? நான் கலண்டரில எழுதிறன், இடத்துடை மேல், வலத்துடை மேல், வயிறு இடம் எண்டு, தொப்புளைச் சுத்தி ரெண்டு அங்குலம் விட்டு. அம்மா அதைப் பாத்து வீடு கட்ட காணி அளக்கிறியோ எண்டு கேட்டவ.

உங்கட மருந்தில சிட்ரேட் எண்ட சேர்க்கை உப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ. அடலிமுமாப் முதல் வந்தது 0.8 மில்லியில சிட்ரேட்டோட, அது தான் கனபேருக்கு எரிஞ்சது, பிறகு அதே 40 மில்லிகிராமை 0.4 மில்லியில சிட்ரேட் இல்லாமலும் செய்திருக்கினம். வேற கொம்பனிகள் செய்யிறதில ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி. பெட்டிக்குள்ள இருக்கிற தாளில எழுதியிருக்கும், எழுத்துத் தான் எறும்பளவு. சிலதில ஊசி மூடியில ரப்பர் பாலும் இருக்கும், பலூன் கையுறை ஒத்துவராத ஆக்கள் அதையும் கேளுங்கோ. கடிக்கு செற்றிரிசின் குளிசையோ ஹைட்ரோகோட்டிசோன் களிம்போ எண்டு நீங்களாப் பாவிக்காம டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கோ, எனக்கு ரெண்டு நாள் களிம்பு தந்தவர், பிறகு தேவைப்படேல்ல.

போன வெள்ளி பதின்மூண்டாவது ஊசி. அடுத்த நாள் சிவப்பு வந்தது, நுளம்பு கடிச்ச அளவு, ஞாயிறு காணேல்ல.

பெருசுக்கு 5க்கு 1 ஸ்டார், அதுவும் வாருக்கு, அதைக் கழட்டி புத்தகக் கட்டு கட்ட வச்சிருக்கிறன். சின்னதுக்கு 4. ஒண்டைக் குறைச்சது ஏனெண்டா அதின்ர பிளாஸ்டிக் மணத்தை இழுக்குது, எங்கட ஃபிரிட்ஜில சூடை மீனுக்குப் பக்கத்தில ஒரு இரவு இருந்திட்டு இப்பவும் துடையில வச்சா மீன் சந்தைக்குள்ள இருக்கிற மாதிரி, ரின்னுக்குள்ள போட்டு மூடி வையுங்கோ. நேற்று அதே கடையில இன்னொரு சின்னது வாங்கினன், முதலாவதை அம்மா முழங்காலில கட்டிக்கொண்டு திரியிறா, திருப்பித் தாற எண்ணம் இல்லப்போல.