ஹைட்ரோகுயினோன், குளோபெடசோல்: எது எப்படிக் கெடுக்கும்?

லண்டன் பெக்கமிலும் பாரிஸின் ஷாத்தோ ரூஷிலும் ஆப்பிரிக்கக் குடியேறிகளுக்கு மறைவாக விற்கப்படும் தோல் வெளுப்புக் களிம்புகளில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுயினோன், குளோபெடசோல் இந்த இரண்டில் ஒன்று. சிலவற்றில் இரண்டுமே.

ஹைட்ரோகுயினோன், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது. வெளுப்புக் களிம்புகளில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் தடை விதித்தது. பிரிட்டனில் மருத்துவர் சீட்டு வேண்டும். காற்றுபட்டால் களிம்பே பழுப்பாகிவிடும். மாதக்கணக்கில் பூசினால் கன்ன எலும்பின்மேல் நீலக்கருப்பாகப் பொடிப்பொடியாகத் தடிப்புகள் எழும், பெயர் ஓக்ரோனோசிஸ். கறுத்த இடம் என்று நினைத்து அங்கேயே இன்னும் அப்புவார்கள். வெயில் சேர்ந்தால் இன்னும் மோசம்.

குளோபெடசோல் 0.05%, சொரியாசிஸ் என்ற செதில் தோல்நோய்க்கான வீரியமான ஸ்டீராய்டு. வெளுப்பது அதன் பக்கவிளைவுதான். வாரத்துக்கு 50 கிராம், இரண்டு வாரம்: அதுதான் வரம்பு. உடல் முழுக்க ஒருமுறை பூசவே ஏறக்குறைய 30 கிராம் ஆகும், இரண்டாம் நாளே கணக்கு தாண்டிவிடும். தோல் மெலியும், தொடையில் வரிகள் விழும், படர்தாமரை பரவும், காயம் ஆற நாளாகும். சர்க்கரையும் ஏறலாம்.

எளிதில் போகாத கறையை விடுவது ஹைட்ரோகுயினோன்; உயிருக்கே ஆபத்தாகக்கூடியது குளோபெடசோல். ஹைட்ரோகுயினோனை இன்றே நிறுத்தி, சன்ஸ்கிரீன் பூசலாம். உடல் முழுக்க நெடுநாள் பூசிய குளோபெடசோலைச் சட்டென்று விடக்கூடாது: உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும், தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வரலாம். டியூபைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.